உள்ளே ஒருவர்

சட்டமன்றத்துக்குள் நுழைய ஒரு பத்திரிகைக்காரருக்கு மூளை வேண்டுமா, பேனா வேண்டுமா என்று யாராவது கேட்டால் நான் சிரிப்பேன். கார்டு வேண்டும். கழுத்தில் தொங்குகிற அந்த நீல அட்டை இருந்தால்தான் மாடிக்குப் போய், பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து, கீழே உறுப்பினர்கள் போடும் சண்டையைப் பார்க்க முடியும். இல்லாவிட்டால் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு, வருகிற போகிற கார்களை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்த வாசலில் காவலுக்கு இருப்பவள் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்னை ‘அலாரம்’ என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும்.

என் தம்பிக்கும் அங்கேதான் வேலை. நான் கீழே வாசலில், அவன் மேலே மாடத்தில். கைப்பிடிச் சுவரில் சாயக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, கைதட்டக் கூடாது என்று பத்திரிகைக்காரர்களை மிரட்டுவதற்கு அவனுக்குச் சம்பளம். மிரட்டவா தெரியும் அவனுக்கு? யாராவது சாய்ந்தால் பக்கத்தில் போய், "சார், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்களேன், திட்டு எனக்குத்தான் விழும்" என்று கெஞ்சுவான். அம்மா போனபோது அவன் சின்னப் பையன். வளர்த்தது நான். அவனை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது. திட்டுவதென்றால் நான் மட்டும்தான் திட்ட வேண்டும்.

இந்த வருடம் புது சபாநாயகர் வந்தார், கூடவே மெஷினும் வந்தது. அதுவரை முகத்தைப் பார்த்தே ஆளை விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வாசலில் ஒரு கம்பத்தை நட்டு, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதில் கார்டைக் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம். உள்ளே எத்தனை பேர் என்று சுவரில் ஒரு பலகை சிவப்பாகக் காட்டும். அவை நடக்கிற நாட்களில் பாதிக்கு மேல் வராதவரின் கார்டு ரத்தாகி, வெளியே காத்திருக்கிற வேறு பத்திரிகைக்குப் போய்விடும். "நாங்க என்ன மாடா, பட்டியில அடைச்சு எண்ணுறதுக்கு?" என்று அவர்களுடைய சங்கச் செயலாளர் குதித்தார். ஒருநாள் எல்லோரும் வெளிநடப்புகூடச் செய்தார்கள். வெளிநடப்பு செய்தவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கார்டைக் காட்டிவிட்டு வெளியே நடந்தார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

என்னைப் பைகளைச் சோதிக்கிற திரைக்கு முன்னால் உட்கார்த்திவிட்டார்கள். கம்பத்துக்கு என் முதுகுதான் தெரியும். "கார்டை மெஷின் பாத்துக்கும். நீ பையை மட்டும் பாரு" என்றார் மேலதிகாரி. சரி, மெஷினே குடும்பம் நடத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்திரிகைக்காரர்களில் எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒட்டடைக்குச்சி. அத்தனை உயரம், அத்தனை ஒல்லி. தலைமுடி எப்போதும் கலைந்தே இருக்கும். நேரில் சார் என்றுதான் கூப்பிடுவேன். மாடத்தில் என் தம்பிக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனுஷன். இன்னொருத்தி தலைப்புச்செய்தி. எதைச் சொன்னாலும் பெரிய எழுத்தில்தான் சொல்வாள். "அக்கா! பேருந்தில் பெண் நிருபருக்கு இடம் மறுப்பு!" என்று கத்திக்கொண்டே காலையில் வருவாள். அவள் போகும்போது மட்டும் கம்பம் இரண்டு முறை கீச்சிடும். "சனியன் பிடிச்ச மெஷின், எனக்கு மட்டும் ரெண்டு தடவை காட்டணுமாம்" என்பாள். நானும் சேர்ந்து மெஷினைத் திட்டுவேன்.

ஒட்டடைக்குச்சியைக் கொஞ்ச நாளாக என் வாசலில் காணவில்லை. எங்கே சார் என்று அவளிடம் கேட்டேன். "அவருக்குக் கால் சரியில்லக்கா. இனிமே பின்பக்கமா வந்து லிஃப்ட்ல ஏறிடுவாரு. அங்கயும் ஒரு மெஷின் இருக்கே" என்றாள். பாவம், மனுஷன் மாடிப்படி ஏறமுடியாமல் கஷ்டப்படுகிறாரே என்று நினைத்தேன். தம்பியிடம்கூட, அவரைக் கொஞ்சம் பார்த்துக்கோடா என்று சொன்னேன்.

"நான் இருக்கிறது படிக்கட்டுக் கதவுகிட்டக்கா. லிஃப்ட் பக்கம் உக்கார்றவங்களைத் தூண் மறைச்சிடும்" என்றான். "போய் எட்டிப் பாக்கறேன்" என்றும் சொன்னான். பார்த்தானோ இல்லையோ, நான் பிறகு கேட்கவில்லை.

அன்றைக்குக் காலையில் கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது. நான் யாருடைய பையிலிருந்தோ ஒரு கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தீ அலாரம் அடித்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த நிமிடம் லிஃப்ட் பக்கத்து நடைவழியிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

உறுப்பினர்கள் முன்வாசல் வழியாகப் போனார்கள். பத்திரிகைக்காரர்கள் என் வாசலுக்கு இறங்கி ஓடிவந்தார்கள். மேலதிகாரி கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று, "கார்டைக் காட்டிட்டுப் போங்க! காட்டாம யாரும் போகாதீங்க! கணக்கு வேணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். இருமிக்கொண்டே காட்டினார்கள். கீச் கீச்சென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பலகையில் எண் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் என் தம்பி படி இறங்கி வந்தான், ஒரு கையில் யாரோ விட்டுவிட்டு வந்த கைப்பை, இன்னொரு கையில் யாருடையதோ செருப்பு.

"மாடம் காலி" என்றான்.

பலகையைப் பார்த்தேன். உள்ளே 1 என்று இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பலகையில் பூஜ்யம் விழும்வரை மாடத்துக் காவலர் கட்டிடத்தை விட்டு விலகக் கூடாது. மெஷின் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான். அப்போது நாங்களே தலையை எண்ணுவோம். மேலதிகாரி தன் கையிலிருந்த கருவியில் தட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பது யார் என்று அது பெயரைக் காட்டியது. ஒட்டடைக்குச்சியின் பெயர்.

"ஐயோ, சாருக்குக் கால் சரியில்லையே!" என்று கத்தினேன். "படி இறங்கியிருக்க மாட்டாரு. லிஃப்ட் பக்கம்தான் இருப்பாரு. டேய், லிஃப்ட் பக்கம் போய்ப் பாருடா!"

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

தம்பி குடிநீர்க் குழாயில் ஒரு துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டான். இன்னொரு துண்டையும் நனைத்து மடித்து இடுப்பில் செருகினான். "அது எதுக்குடா?" என்றேன். "சாருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

வெளியே மரத்தடியில் பத்திரிகைக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாள் முழுக்க வாய் ஓயாத கூட்டம், பேயறைந்தது போல நின்றது. தோழனுக்காக நெஞ்சு பதறி நிற்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கே கண் கலங்கியது.

தலைப்புச்செய்தி மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாசலை நோக்கி நகர்ந்தாள். கம்பத்துக்குப் பக்கம் போய்விட்டாள். முகம் வெளிறிக் கிடந்தது. அவள் உள்ளே ஓடப் பார்க்கிறாள், அவரைக் காப்பாற்றப் போகிறாள் என்று எனக்குப் பட்டது. பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தேன்.

"பைத்தியமாடி உனக்கு? உள்ள போனா நீயும் திரும்ப மாட்ட. என் தம்பி போயிருக்கான், அவன் கூட்டிட்டு வந்துடுவான்."

"அக்கா, விடுங்கக்கா. ஒரு நிமிஷம்க்கா" என்று கெஞ்சினாள்.

"விடவே மாட்டேன்" என்று அவளை இழுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் நிறுத்தினேன். எவ்வளவு நல்ல மனசு இந்தப் பெண்ணுக்கு என்று உருகிப்போனேன்.

தம்பி ஒருமுறை வெளியே வந்தான். முகமெல்லாம் கரி. துண்டை இறக்கி மூச்சு வாங்கினான். "லிஃப்ட் வாசல் வரைக்கும் போனேன். காணோம்க்கா. இருட்டா இருக்கு."

அப்போதுதான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். தலைப்புச்செய்தி வாயைத் திறந்தாள். சங்கச் செயலாளர் லேசாகத் தலையை ஆட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"தீயணைப்பு வண்டி வந்துட்டே இருக்கு. அவங்க பாத்துக்குவாங்க. நீ இருப்பா" என்றார் செயலாளர், என் தம்பியிடம். தம்பி பலகையைப் பார்த்தான். இன்னும் ஒன்றுதான்.

"அவங்க வர்ற வரைக்கும் அவரு தாங்கணுமே சார்" என்றான். மறுபடி உள்ளே போய்விட்டான். நான் தடுக்கவில்லை. போகாதே என்று சொல்ல நாக்கு எழுந்தது. அங்கே ஒரு மனுஷன் மூச்சுமுட்டிக் கிடக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

என் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, லிஃப்டுக்குப் பக்கத்துக் குழு அறைக் கதவுக்குப் பின்னால ஏதோ சத்தம். யாரோ தட்டுறாப்புல இருக்கு. அவராத்தான் இருக்கும்." அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"ஜாக்கிரதைடா! சீக்கிரம் வந்துடு!" என்றேன்.

பக்கத்தில் ஒரு போன் அடித்தது. தலைப்புச்செய்தியின் போன். அவள் பார்த்தாள், அணைத்தாள். திரும்ப அடித்தது. திரும்ப அணைக்கப் போனாள். திரையில் ஒரு படம் தெரிந்தது. உயரமான, தலை கலைந்த, சிரிக்கிற முகம். ஒட்டடைக்குச்சி.

"எடுடி! சாருடி! உள்ளேருந்து கூப்பிடறாரு!" அவள் எடுக்கவில்லை. நான் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

"சார்! எங்க சார் இருக்கீங்க? லிஃப்ட் பக்கமா, குழு அறையா? என் தம்பி வந்துட்டே இருக்கான், கதவைத் தட்டிட்டே இருங்க!"

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"யாரும்மா, வாசல் அம்மாவா? நான் வீட்லம்மா. படுக்கையில. டிவில புகை காட்டுறாங்களே, பதறிப் போயிட்டேன். எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா? உன் தம்பி நல்லா இருக்கானா?"

வீட்டிலா? பலகையைப் பார்த்தேன். ஒன்று என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. தலைப்புச்செய்தியைப் பார்த்தேன். அவள் கைப்பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். கையில் நீல அட்டை. அவளுடையது கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இது இன்னொன்று. அதிலும் அதே தலை கலைந்த சிரிப்பு.

"அவருக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சுக்கா. வர முடியல. வரலன்னா கார்டு போயிடும். அவரு பேப்பர்ல அவரை வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. அதான் நாங்க எல்லாரும் சேர்ந்து... தினமும் நான்தான் காட்டிட்டு இருந்தேன். இன்னைக்கு வெளிய வரும்போது அதிகாரி பக்கத்துலயே நின்னாரு. ரெண்டாவது தடவை காட்ட முடியல. அதைக் காட்டத்தான்க்கா வந்தேன், நீங்கதான்..."

அவள் முடிக்கவில்லை. இரண்டு கீச் சத்தம். எத்தனை காலையில் கேட்டிருக்கிறேன். மெஷினைத் திட்டியிருக்கிறேன்! அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தவளும் நான்தான். லிஃப்ட் பக்கம் போடா என்று அனுப்பியவளும் நான்தான். அவர் அந்தப் பக்கம் லிஃப்டில் ஏறவும் இல்லை, உட்காரவும் இல்லை, எல்லாம் இவர்கள் எனக்குக் காது குத்தியது.

வாக்கிடாக்கியை வாயில் வைத்துக் கத்தினேன். "டேய், திரும்பி வா! அங்க யாரும் இல்லடா! யாருமே இல்ல! வந்துடுடா!"

கரகரப்பு மட்டும் கேட்டது.

"டேய்! அக்கா சொல்றேன்டா! வெளிய வாடா!"

கரகரப்பும் நின்றுபோனது. நான் வாசலுக்கு ஓடினேன். மேலதிகாரியும் இன்னும் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவிகளா! ஒரு வார்த்தை! வாயில என்ன வெச்சிருந்தீங்க?" என்று கத்தினேன். செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் ரெண்டாவது தடவை போவான்னு நினைக்கலம்மா. எத்தனை பேரோட கார்டு போயிடும்னு..." என்றார். கையில் அந்தக் கத்தரிக்கோல் இருந்திருந்தால் அங்கேயே ஏதாவது செய்திருப்பேன், பொய் சொல்லவில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழு அறைக்குள் கிடந்தானாம். கதவைத் தட்டியது ஆள் இல்லை, கூரையிலிருந்து கழன்று தொங்கிய விளக்குத் தட்டு, காற்றில் கதவில் இடித்துக்கொண்டிருந்ததாம். முகத்தில் கட்டிய துண்டு எங்கேயோ போய்விட்டது. இடுப்பில் மடித்துச் செருகிய துண்டு அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை. அதை முகத்தில் போட்டுக்கொண்டிருந்தாலாவது கொஞ்சம் மூச்சு கிடைத்திருக்கும் என்று தீயணைப்புக்காரர் சொன்னார்.

பிழைத்துவிட்டான். அதைச் சொல்வதற்கே மருத்துவர் பல நாள் யோசித்தார். நுரையீரல் பாதி வேலைதான் செய்யும், படி ஏறும் வேலை இனி வேண்டாம், குரல் இனி காற்றாகத்தான் வரும், அதிர்ச்சியாக எதையும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்றார். மேலதிகாரியிடம் அன்றைக்கே அந்தக் கார்டைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டினேன். விசாரணை நடக்கும் என்றார். மெஷின் ஏமாந்த கதை வெளியே போக அவருக்கும் ஆசை இல்லை. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் என் தம்பியின் படம். வீரக் காவலர், தியாகம், உயிரைத் துச்சமாக மதித்து என்று விதவிதமாக எழுதினார்கள். யாரைத் தேடிப் போனான், ஏன் போனான் என்று மட்டும் ஒரு வரி இல்லை. எழுதியதெல்லாம் மரத்தடியில் நின்ற அதே கைகள்தானே.

பழக்கூடையோடு வந்த செயலாளரை மருத்துவமனை வாசலிலேயே விரட்டினேன். தலைப்புச்செய்தி கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். அவளை உள்ளேயும் விடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் ஒட்டடைக்குச்சி வந்தார். இரண்டு கக்கத்திலும் கட்டை. அந்த உயரத்துக்குக் கட்டை ஊன்றி நடப்பதைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார். கழுத்தில் கார்டு இல்லை. "திருப்பிக் குடுத்துட்டேம்மா" என்றார். "நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

"என்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம்? அவன்கிட்ட சொல்லுங்க" என்றேன். மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தது, ஆனாலும் சொன்னேன். "நீங்க அங்க இல்லவே இல்லைன்னு உங்க வாயால சொல்லுங்க. எவனுக்காக வெந்தோம்னு அவனுக்குத் தெரியணும்."

"அதுக்குத்தாம்மா வந்தேன்" என்றார்.

கதவைத் திறந்தேன். தம்பி கண்ணைத் திறந்தான். அவரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதே, அந்த மாதிரி ஒரு முகத்தை அவன் பள்ளிக்கூடத்தில் பாஸானபோதுகூட நான் பார்க்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணிலிருந்து கண்ணீர் காதோரம் வழிந்தது.

"சார்... வந்துட்டீங்களா... யாரு தூக்கிட்டு வந்தாங்க?" என்று காற்றுக் குரலில் கேட்டான். பிறகு கட்டைகளைப் பார்த்தான். முகம் சுருங்கியது. "கால்ல அடிபட்டுடுச்சா சார்? நான் லேட்டா வந்துட்டேன்ல? கதவு லேசுல திறக்கல சார். ரொம்ப இழுத்தேன்."

ஒட்டடைக்குச்சி ஒரு அடி முன்னால் வைத்தார். கட்டை தரையில் தடதடத்தது. "தம்பி, அன்னைக்கு நான்... நான் அங்க..." என்று ஆரம்பித்தார். சொல்லட்டும், சொல்லட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

என் தம்பி கையை மெதுவாகத் தூக்கி அவரைத் தடுத்தான்.

"பேசாதீங்க சார். புகை உங்க தொண்டையிலயும் இருக்கும்" என்றான். என்னைப் பார்த்து, "அக்கா, சாருக்குத் தண்ணி குடு" என்றான்.

நான் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் நின்றபடியே அதைக் குடித்தார்.